லேக் கவுண்டி (கொலராடோ): தட்பவெப்பமும் பருவங்களும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சிறு நிர்வாகப் பகுதி லேக் கவுண்டி. 1861இல் கொலராடோ ஆட்சிப்பகுதி அமைந்தபோது உருவான 17 கவுண்டிகளுள் இதுவும் ஒன்று. ட்வின் லேக்ஸ் என்னும் இரட்டை ஏரிகளால் இப்பெயர் வந்தது. தலைநகரான லெட்வில் 3,094 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மக்கள்தொகை 7,436. வெள்ளிச் சுரங்கங்களைக் கொண்டே இதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். ஆனால் வெள்ளி இருந்தது சில பத்தாண்டுகள்தான். அதற்கு முன்னும் பின்னும் இங்கே யார் எப்போது வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பதையெல்லாம் முடிவுசெய்தது பனி.

மேற்கே சவாட்ச் மலைகளும் கிழக்கே மஸ்கிட்டோ மலைகளும் நிற்க, இடையில் ஆர்க்கன்சா ஆற்றின் தலைப்பள்ளத்தாக்கு கிடக்கிறது. ராக்கி மலைகளிலேயே உயரமான எல்பர்ட் சிகரம் (4,401 மீட்டர்) சவாட்ச் வரிசையில் உள்ளது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் ஏறும்போதே தன் ஈரத்தைப் பெரும்பாலும் உதிர்த்துவிடும். பள்ளத்தாக்குக்கு வந்துசேர்வது வறண்ட காற்று. ஆகவே சிகரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் பனி கிடக்கும் ஆண்டிலும், லெட்விலில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான்.

காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைவு. மெல்லிய, வறண்ட காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்காது. பகலில் தோலைச் சுடும் வெயில்; சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கம்பளி தேடும் குளிர். ஜூலையில் பகல் வெப்பம் 22 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறி, இரவில் உறைநிலையை நெருங்கும். ஜனவரி இரவுகளில் சராசரியாக உறைநிலைக்குக் கீழே 16 பாகை வரை இறங்கும். காற்று அசையாத இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குவதால், மேட்டைவிடப் பள்ளமே அதிகம் உறைந்துபோகும்.

குளிர்காலம் அக்டோபரில் தொடங்கி மே வரை நீளும். வசந்தம் என்று தனியே சொல்ல அதிகம் இல்லை; சேறும், உருகும் பனியும், திடீரெனத் திரும்பிவரும் பனிப்புயலுமாக அது கழிந்துவிடும். ஜூன் வறண்டது. ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று ஈரம் கொண்டுவர, காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியுமாக மாறும். எல்பர்ட் ஏறுவோர் நண்பகலுக்குள் சிகரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று உள்ளூரார் வற்புறுத்துவது மின்னலுக்கு அஞ்சித்தான். செப்டம்பரில் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும். உறைபனி எந்த மாதத்திலும் விழக்கூடியது என்பதால் இங்கே பயிர்த்தொழில் வேரூன்றவில்லை. புல்லும் மேய்ச்சலுமே நிலைத்தன.

இந்தக் காலக்கணக்கை முதலில் அறிந்தவர்கள் யூட் பழங்குடியினர். கோடையில் மான் கூட்டங்களைத் தொடர்ந்து மேலேறி, பனிக்கு முன் தாழ்நிலங்களுக்கு இறங்கிவிடுவார்கள். வந்தேறிகள் அந்தப் பாடத்தைக் கற்கவில்லை. 1806 டிசம்பரில் செபுலான் பைக்கின் படைக்குழு கோடைக்கால உடைகளோடு மேல் ஆர்க்கன்சா பள்ளத்தாக்கில் அலைந்து கடுங்குளிரில் தவித்தது. 1860இல் கலிபோர்னியா கல்ச் ஓடையில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். மண்ணை அலசத் தண்ணீர் வேண்டும். அது பனி உருகினால்தான் உண்டு. எனவே வேலை கோடைக்கு மட்டும். 1864 குளிர்காலத்தில் ஜான் டையர் என்ற மெதடிஸ்ட் போதகர் நீண்ட மரச்சறுக்குகளைக் காலில் கட்டி, 4,000 மீட்டருக்கும் உயரமான மஸ்கிட்டோ கணவாய் வழியே தபால் சுமந்தார். பகலில் இளகும் பனி இரவில் இறுகி ஆள் பாரத்தைத் தாங்கும் என்பதால் இரவிலும் நடந்தார். இந்த மலையின் இயல்பை உணர்ந்து நடந்த முதல் குடியேறிகளில் அவரைச் சேர்க்கலாம்.

1870களின் இறுதியில் வெள்ளி வந்தது. 1880இல் லெட்விலின் மக்கள்தொகை 14,820. மாநிலத்தில் டென்வருக்கு அடுத்த நகரம் இதுதான். சுரங்கத் தூண்களுக்கும் உருக்காலைக் கரிக்குமாகச் சுற்றியிருந்த காடுகள் வெட்டப்பட்டன. 1893இல் வெள்ளியின் விலை வீழ்ந்து ஊர் நொடித்தபோது, மிஞ்சியிருந்த ஒரே வளமான குளிரையே விற்றுப் பார்ப்பது என்று ஊரார் துணிந்தார்கள். சுமார் 5,000 டன் பனிக்கட்டியால் ஒரு மாளிகை எழுப்பினார்கள். உள்ளே சறுக்குத் தளம், மின்விளக்குகள், பனிக்கட்டிக்குள் உறையவைத்த மலர்களும் மீன்களும். ஆனால் 1895 டிசம்பரில் சினூக் எனப்படும் வெப்பமான மலையிறங்கு காற்று வீசியது. எழும்பிய சுவர்கள் உருகத் தொடங்க, தொழிலாளர்கள் துணி போர்த்தி வெயிலை மறைத்தும் இரவில் தண்ணீர் தெளித்து உறையவைத்தும் காத்தனர். 1896 ஜனவரி 1இல் திறந்த மாளிகை மார்ச் 28இல் மூடப்பட்டது. போட்ட பணம் திரும்பவில்லை. மறுபடி கட்டப்படவும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் குளிரின் பிடி தளரவில்லை. வெள்ளிச் சீமானாக வாழ்ந்த ஹோரஸ் டேபரின் மனைவி எலிசபெத், மேட்ச்லெஸ் சுரங்கத்தருகே குடிசையில் வறுமையில் வாழ்ந்து, 1935 மார்ச்சில் உறைந்த உடலாகக் கண்டெடுக்கப்பட்டார். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், வடக்கே அடுத்த கவுண்டியில் கேம்ப் ஹேல் முகாம் எழுந்தது. அங்கிருந்த மலைப்போர் வீரர்கள் லேக் கவுண்டி எல்லையிலுள்ள கூப்பர் குன்றில் பனிச்சறுக்குப் பழகினர். தேங்கிய குளிர்காற்றுக்கடியில் நிலக்கரிப் புகை சிக்கி, முகாமே இருமியது. 1962 ஜனவரி 21 அதிகாலையில் ட்வின் லேக்ஸில் பனிச்சரிவு வீடுகளை மூடி 7 பேரைக் கொன்றது.

அதே 1962இல் ஃப்ரையிங்பேன்-ஆர்க்கன்சா நீர்த்திட்டச் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். நீர்ப்பிரிமேட்டின் மேற்குச் சரிவில் விழும் பனியின் நீரை, மலையைக் குடைந்த பூஸ்டெட் சுரங்கவழி மூலம் கிழக்கே டர்க்காய்ஸ் ஏரிக்குக் கொண்டுவரும் திட்டம் இது. வறண்ட பக்கத்துக்கு மலை தடுத்த ஈரத்தை மனிதர் பின்வாசல் வழியாக எடுத்துவந்தார்கள். உருகுநீருக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய சுரங்கக் கழிவுக் குவியல்களை அலசி, ஈயம், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றை அது ஆற்றுக்குள் கொண்டுசென்றது. 1983இல் கலிபோர்னியா கல்ச் பகுதி, நாட்டின் மிக நச்சேறிய இடங்களைத் துப்புரவாக்கும் கூட்டரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1980 முதல் 2022 வரையில் கொலராடோவின் ஆண்டு சராசரி வெப்பநிலை சுமார் 1.3 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. பனி முன்னைவிட விரைவில் உருகுகிறது. மேற்குப் பாலைநிலங்களிலிருந்து வரும் புழுதி பனிமேல் படிந்து, வெயிலை உறிஞ்சி, உருகலை மேலும் விரைவுபடுத்துகிறது. மழை குறைந்த இந்த நாட்டில் ஏரியையும் அணையையும்விடப் பெரிய நீர்த்தேக்கம் மலைமேல் கிடக்கும் பனிதான். அது ஜூலைவரை தங்குவதற்கும் மே மாதத்திலேயே ஓடிவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கீழேயுள்ள வயல்கள் உணரும். லெட்விலுக்கு மேலே பனிநீராகத் தோன்றும் ஆர்க்கன்சா ஆறு, நான்கு மாநிலங்கள் வழியே 2,300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது.