தைத்த கப்பலும் காக்க வேண்டிய நேர்மையும்

பழங்காலக் கப்பலின் மாதிரியைச் செய்வோரும் பழுதுபார்ப்போரும் முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு: எது முன்னோரின் கைவேலை, எது நம் ஊகம்? அரபுக் கடலோடிகளின் வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது.

1998ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றின் சிதைவு கண்டறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் இருந்தன. பலகைகளோ ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அரபுக் கடலோடிகளின் பழைய முறை அது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. சூரத்துல் கமரில் நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குறிக்குமிடத்தில் 'துஸுர்' என்ற சொல் வருகிறது. ஆணிகள் என்பதே விரிவுரையாளர் பலரின் பொருள். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன.

அக்கப்பலை மீண்டும் உருவாக்க ஓமன் நாடு முன்வந்தது. ஆனால் எஞ்சியிருந்தது உடற்பகுதியின் ஒரு பங்கே. பாய்மரமும் பாயும் அழிந்துபோயின. எனவே வல்லுநர்கள் முதலில் சிறு மாதிரிகளைச் செய்து, கிடைத்த பகுதிகளோடு ஒத்துவரும் வடிவத்தைத் தேடினர். அதன் பின்னரே கந்தப் என்னும் கடற்கரை ஊரில் 18 மீட்டர் நீளக் கப்பல் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டது. 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' எனப் பெயர் பெற்ற அது, 2010 பிப்ரவரியில் புறப்பட்டது. வழியில் பாய்மரங்கள் பழுதுபட, இலங்கையின் காலியில் புதியவை நிறுத்தப்பட்டன. ஜூலையில் அது சிங்கப்பூரை அடைந்தது.

உடற்பகுதிக்குக் கடலடிச் சான்று உண்டு. பாய்மரத்திற்கு அது இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டினால் வரலாறு பொய்யாகிவிடும். நபிமொழியின் இடையே அறிவிப்பாளரின் சொந்தச் சொல் கலந்துவிட்டால், ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனை 'முத்ரஜ்' எனப் பெயரிட்டுப் பிரித்துக் காட்டினர். அச்சொல் நல்ல விளக்கமாகவே இருக்கலாம். ஆயினும் அது நபியவர்களின் (ஸல்) சொல்லன்று. எதை யார் சொன்னார் என்பதைக் காப்பதும் அமானிதமே.

நம் இல்லங்களில் பாட்டனார் விட்டுச்சென்ற கப்பல் மாதிரி உடைந்து கிடக்குமானால், அதன்மீது உடனே புதுச்சாயம் பூச வேண்டா. முதலில் படமெடுப்போம், உதிர்ந்த துண்டுகளைச் சேர்த்து வைப்போம், பிற்காலத்தில் கழற்றத்தக்க பசையைக் கொண்டு ஒட்டுவோம். நாம் சேர்த்த புதிய பாகம் எதுவெனக் குறித்து, அதனுடன் வைப்போம். அடுத்த தலைமுறை அதைக் கையிலெடுக்கும்போது, பாட்டனாரின் வேலை எது, நம்முடையது எது என்று அறிந்துகொள்ளும், இன்ஷா அல்லாஹ்.