எலும்புக்கூட்டுக் கடற்கரையில் ஒரு மீட்புப் பயணம்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா நாட்டின் வடபகுதிக் கரையோரத்திற்கு 'எலும்புக்கூட்டுக் கடற்கரை' என்று பெயர். திமிங்கில எலும்புகளும் உடைந்த கப்பல்களின் கூடுகளும் மணலில் சிதறிக் கிடக்கும் இடம் அது. ஜான் மார்ஷ் என்பவர் 1944-இல் வெளியிட்ட நூலே இப்பெயரைப் பரவச் செய்தது. அந்நூல் கூறும் வரலாற்றில் இயற்பியல் மாணவர்க்கும் ஒரு பாடம் உண்டு.

கடலை ஒட்டியே பாலைவனம் இருப்பது எப்படி? தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் இக்கரையோரமாகச் செல்கிறது. அதன்மீது படியும் காற்று குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலே இருப்பதோ வெப்பக் காற்று. எனவே கீழுள்ள காற்று மேலெழும்புவதில்லை, மழைமேகமும் உருவாவதில்லை. கிடைப்பது மூடுபனி மட்டுமே. வழியை மறைக்கும் பனி, ஓயாத பேரலை, கரையேறினாலோ குடிநீர் இல்லை. மாலுமிகள் அஞ்சியதில் வியப்பில்லை அல்லவா?

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 நவம்பர் 29 அன்று, 'டுனெடின் ஸ்டார்' என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இங்கே அடிப்பாகம் உடைந்து நீர் புகுந்தது. மூழ்கிவிடாதிருக்கத் தலைவர் அதனைக் கரையை நோக்கிச் செலுத்தித் தரைதட்டச் செய்தார். கப்பலில் இருந்தவர்கள் 106 பேர். பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட 63 பேரைக் கரைசேர்த்த அளவில், மோட்டார்ப் படகு அலையில் பழுதாயிற்று. எஞ்சியோரை வேறொரு கப்பல் காப்பாற்றியது. கரையில் இருந்தவர்களோ நடுமணலில் சிக்கிக்கொண்டார்கள்.

உதவிக்கு வந்த 'சர் சார்லஸ் எலியட்' என்னும் இழுவைக் கப்பலும் தரைதட்டியது. அதில் பணியாற்றிய ஆங்கஸ் மக்கின்டயர், மத்தியாஸ் கொராசெப் ஆகிய இருவர் உயிரிழந்தனர். வானிலிருந்து நீரும் உணவும் போட்ட வெஞ்சுரா விமானம், தவிப்போரை ஏற்றிச் செல்லலாம் என்றெண்ணி இறங்கியது. அதன் சக்கரங்களும் மணலில் புதைந்தன. 1943 ஜனவரியில் அதனை மீட்டுப் பறக்கவிட்டபோது கடலில் விழுந்தது. நல்லவேளையாக அதிலிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கடல்வழியே சிலரை மட்டுமே மீட்க முடிந்தது. மற்றவர்களைக் கொண்டுவந்தது தரைவழி வந்த லாரிக் கூட்டமே. போலீஸ் காப்டன் ஸ்மித் தலைமையில் சென்றவர்கள் பாதையே இல்லாத பாலையில் புதைந்த வண்டிகளைத் தோண்டியும் தள்ளியும் நாட்கணக்கில் முன்னேறினார்கள். மீட்கப்பட்டோர் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் விண்ட்ஹுக் நகரை அடைந்தார்கள்.

வண்டி மணலில் ஏன் புதைகிறது? எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். 3000 கிலோகிராம் எடையுள்ள வண்டியின் நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால், ஒன்றின் பங்கு 750 கிலோகிராம். டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 3 கிலோகிராம் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர செ.மீ. காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தட்டையாகிப் பரப்பு 500 ஆகும். மணல்மீது அழுத்தம் பாதியாகும். ஒட்டகத்தின் அகன்ற பாதமும் இதே விதிப்படிதான் மணலில் நடக்கிறது. இன்றும் பாலையில் வண்டி ஓட்டுவோர் மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைப்பது இதனால்தான்.

1971-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நமீபியக் கரையோரத்தில் ஜிப்சம் கலந்த மண்ணில் உப்புநீர் தெளித்து இறுக்கிய 'உப்புச் சாலை'களைக் காணலாம். அந்த உப்பு மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சிச் சாலையைக் கெட்டியாக வைக்கிறது. மாலுமிகளைத் திணறடித்த அதே பனி, இன்று பயணிக்கு வழியமைத்துத் தருகிறது! ஆயினும் அச்சாலையில் செல்வோர், பிறரைக் காக்க வந்து உயிர்விட்ட அவ்விருவரையும் ஒரு கணம் நினைப்பது தகும்.