நிரலைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது

"ஏழு பேர் இருக்கிற டீமுக்கு எதுக்குங்க எழுதி வச்ச விதி? வாய் வார்த்தை போதாதா?" இங்கே புனேயில் என்னைப் போலப் பொட்டி தட்ட வந்த நம்மூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. கொஞ்சம் பழங்கதை பார்த்தால் பதில் கிடைக்கும்.

1971-ல் ஜெரால்ட் வைன்பெர்க் என்ற அமெரிக்கர் நிரல் எழுதுபவர்களின் மனசைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எழுதியவருக்கு நிரல் தன் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது, அதில் பிழை சொன்னால் தன்னையே சொன்னதுபோல் சுருக்கென்று தைக்கிறது என்றார். அதில் ஒரு சம்பவம் வரும். ஒருவர் எழுதிய 13 வரியில் சக ஊழியர் 17 பிழை கண்டுபிடித்தார்! எழுதியவர் கோபப்படவில்லை. அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

1976-ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் இதையே ஒரு முறையாக்கினார். ஒருவர் எழுதியதை நாலு பேர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பது. 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிழையைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் அங்கே வேலை. அந்தக் கணக்கை அப்ரைசலுக்கு எடுக்கவே கூடாது என்றும் கறாராகச் சொன்னார். எடுத்தால் அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்?

வாய் வார்த்தையை நம்பியதற்குப் பெரிய உதாரணம் லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தனியாளாக ஆரம்பித்தது. முகத்துக்கு நேரே திட்டுவது அவர் பாணி. "திறமைசாலி, அப்படித்தான் பேசுவார்" என்று விட்டுவிட்டார்கள். 2013-ல் கூட வேலை செய்த ஒருவர் வெளிப்படையாக எதிர்த்தார். 2015-ல் அவர் விலகியே போனார். கடைசியில் செப்டம்பர் 2018-ல் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்தார். முழுமையான நடத்தை விதியும் அப்போதுதான் வந்தது. 27 வருஷம்!

நம் நாட்டுக்கு வருவோம். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை தந்தது. 2013-ல் சட்டமே வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அலுவலகத்திலேயே புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். சின்ன டீம் என்பதால் விலக்கு கிடையாது. சொல்லப்போனால் சின்ன டீமில்தான் சிக்கல் அதிகம். முதலாளியும் ஹெச்.ஆரும் ஒரே ஆள், யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் டீமின் விதி அரைப் பக்கம்தான். "நீ தப்பா எழுதிட்டே" என்பதில்லை, "இந்த வரி இங்கே உடையுது" என்பதோடு சரி. புதியவர் கேள்வி கேட்டால் யாரும் சிரிக்கக்கூடாது. சர்வர் விழுந்தாலொழிய இரவு பத்துக்கு மேல் போன் கிடையாது. எல்லோருக்கும் புரியாத பாஷையில் மீட்டிங்கில் பேசக்கூடாது. மராத்திக்காரர்களுக்கு மட்டுமில்லை, தமிழர்களான நமக்கும் சேர்த்துத்தான்!

டீமில் எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சண்டை வந்தபிறகு எழுதினால் ஒவ்வொரு வரியும் யாரையோ குத்துவதாகத்தான் படும்.