ஜப்பானின் ஒன்பதாம் விதி

1947ஆம் ஆண்டு மே மாதம் அமுலுக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் ஒன்பதாம் விதி, யுத்தம் புரியும் உரிமையை அத்தேசம் என்றென்றைக்கும் துறந்ததெனப் பிரகடனம் செய்தது. அதன் வாசகம், தோற்ற ஜப்பானை அப்போது நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் காரியாலயத்தில் உருவானதுதான். எனினும் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எரிந்த டோக்கியோவையும் கண்ட ஜனங்கள், அந்நியர் எழுதிய அவ்விதியைத் தம் சொந்த விரதமாகவே ஏற்றுக்கொண்டனர் என்பதே என் துணிபு.

1954 மார்ச்சில், பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுப் பரிசோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது படிந்து, அதன் வானொலி இயக்குநர் சில மாதங்களில் மாண்டபோது, அணு ஆயுதத்துக்கு எதிராகக் கோடிக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு ஜூலையில்தான், சேனை என்ற பெயரையே தவிர்த்து, தற்காப்புப் படை ஸ்தாபிதமாயிற்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்ததில்தான் அத்தேசத்தின் முழு மனமும் விளங்குகிறது.

1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பித்த பிரதமர் கிஷி, வீதிகளில் திரண்ட எதிர்ப்பின் நடுவே பதவி துறந்தார், உடன்படிக்கையோ நிலைத்தது. 1967இல் பிரதமர் சாட்டோ, அணு ஆயுதத்தைச் செய்வதில்லை, வைத்திருப்பதில்லை, நாட்டுக்குள் அனுமதிப்பதில்லை என அறிவித்தார். 1976இல் மீக்கி மந்திரிசபை, பாதுகாப்புச் செலவைத் தேசிய உற்பத்தியின் 1 சதவிகிதத்துக்குள் அடக்கிற்று. 2022 டிசம்பரிலோ, சீனாவும் வடகொரியாவும் தந்த அச்சத்தால், அதனை 2 சதவிகிதமாக உயர்த்த ஆட்சியாளர் தீர்மானித்தார்கள். ஆயினும் ஒன்பதாம் விதியின் ஓர் எழுத்தையும் அவர்கள் இன்னும் திருத்தவில்லை.