மூன்று எழுத்தும் ஒரு குழந்தையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் இருந்தவரை ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு செய்தியைப் பெருமையோடு சொல்வேன். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் ‘துக்கி’ என்று ஒன்று எபிரேய வேதாகமத்தில் வருகிறது. அது மயில் என்றும், நம் ‘தோகை’தான் அப்படிப் போயிற்று என்றும் கால்டுவெல் உட்படப் பலர் கருதினார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

பணி ஓய்வுக்குப் பின் கைப்பேசி வழியாக எபிரேயம் (ஹீப்ரு) படிக்கத் தொடங்கினேன். முதல் வாரமே ஓர் ஆச்சரியம். இன்றைய எபிரேயத்தில் ‘துக்கி’ என்றால் கிளி! மயிலுக்கு ‘தவாஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. பழைய சொல் ஒன்று பொருள் மாறி எப்படித் தெருவுக்கு வந்தது என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

முதலில் கொஞ்சம் இலக்கணம். வாத்தியார் புத்தி, விடாது.

நம் மொழியில் பகுதி முன்னால் நிற்கும், விகுதி பின்னால் ஒட்டும். எழுது, எழுத்து, எழுத்தர். எபிரேயத்தில் பெரும்பாலான சொற்களுக்கு வேர் மூன்று மெய்யெழுத்துகள். அவை எலும்புபோல அப்படியே நிற்க, இடையில் உயிர்கள் மாறும், முன்னும் பின்னும் அசைகள் சேரும். க்-த்-வ் என்ற வேருக்கு எழுதுதல் என்று பொருள். ‘கதாவ்’ எழுதினான். ‘மிக்தாவ்’ கடிதம். ‘க்தோவெத்’ முகவரி. நாம் வகுப்பில் ‘சொல்வதை எழுது’ என்போமே, அது ‘ஹக்தாவா’. ஒரு வேர் தெரிந்தால் நாலு சொல் கையில்.

இந்த மொழி ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் யாருக்கும் தாய்மொழியாக இல்லை. வழிபாட்டில் இருந்தது, ஏட்டில் இருந்தது, அறிஞர்களின் கடிதங்களில் இருந்தது. அடுப்படியில் இல்லை. 1881இல் எலியேசர் பென் யெகுதா என்ற இளைஞர் எருசலேமுக்கு வந்து, இனி என் வீட்டில் எபிரேயம் மட்டும்தான் என்று முடிவெடுத்தார்.

வீடு என்றால் துண்டு வேண்டும், குடை வேண்டும். வேதாகமத்தில் தீர்க்கதரிசனம் உண்டு, இவற்றுக்கு ஏது சொல்? அவரும் அவர் காலத்தவரும் பழைய வேர்களைத் தோண்டினார்கள். துடைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து ‘மகேவெத்’, அதாவது துண்டு. ‘மதார்’ என்றால் மழை, அதிலிருந்து குடைக்கு ‘மித்ரியா’. ‘எத்’ என்றால் காலம், அதிலிருந்து செய்தித்தாளுக்கு ‘இத்தோன்’. அகராதியை அதுவரை ‘சொற்களின் நூல்’ என்று இரண்டு சொல்லால் குறித்தார்கள். ‘மிலா’ என்றால் சொல், அதிலிருந்து ‘மிலோன்’ என்று ஒற்றைச் சொல் ஆக்கினார். எசேக்கியேல் ஆகமத்தில் ஏதோ ஒளிரும் பொருளைக் குறித்த ‘ஹஷ்மல்’ இன்று மின்சாரம்.

சொல் செய்தது சிலர். அதை வாழவைத்தது ஆசிரியர்கள். 1886இல் ரிஷோன் லெசியோன் என்ற குடியேற்ற ஊரில் எபிரேய வழிப் பள்ளி தொடங்கியது. பல பாடங்களுக்குப் புத்தகமும் இல்லை, கலைச்சொல்லும் இல்லை. 1913இல் ஹைஃபாவில் அமையவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியலை ஜெர்மன் மொழியில் கற்பிப்பது என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். 1924இல் அங்கே பாடம் தொடங்கியபோது பயிற்றுமொழி எபிரேயம். 1922இல் அது பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அவ்வாண்டு இறுதியில் பென் யெகுதா காலமானார்.

இதுவரை படித்தபோது எனக்குப் பெருமிதம்தான். பிறகு அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்தேன்.

1882இல் பென் யெகுதாவுக்கு மகன் பிறந்தான். வேறு எந்த மொழியும் அவன் காதில் விழக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. தெருவில் இத்திஷ், லதீனோ, அரபு. அதனால் விளையாட்டுத் தோழர்கள் இல்லை. பையன் பேசவே வெகுகாலம் ஆயிற்று. ஒருநாள் அம்மா தெபோரா தன்னை மறந்து ரஷ்ய மொழியில் தாலாட்டுப் பாட, அப்பா கடுங்கோபம் கொண்டதை அந்த மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். தெபோரா 1891இல் காசநோயால் இறந்தார்.

படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன், தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். ல, ள, ழ தடுமாறும். அவன் அம்மாவை வரவழைத்து, “வீட்டிலயும் தமிழ்லயே பேசுங்கம்மா” என்றேன். “சரிங்க சார்” என்று போனார். அந்த அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அதன்பின் வீட்டில் மகனோடு என்ன பேசியிருப்பார், எவ்வளவு பேசாமல் விட்டிருப்பார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

ஒரு மொழி பிழைக்க வேண்டுமானால் அது குழந்தையின் வாயில் இருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்காகத் தாயின் வாயை மூடச் சொல்ல ஆசிரியனுக்கு உரிமையில்லை. ‘துக்கி’ கதையை இனி யாருக்குச் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்வேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.