பட்டா இல்லாத குடிகள்: ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருளர்களும் அரசின் பொறுப்பும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நமக்கு ஹூண்டாய் நினைவுக்கு வரும். ஒரகடம் என்றால் வரிசையாக கார் கம்பெனிகள். ஆனால் இந்தத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் குடிசை போட்டு வாழும் இருளர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல வீடு கிடைக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காடுகளில் தேன், கிழங்கு, மூலிகை சேகரித்தும், வயல்களில் எலி பிடித்தும், பாம்பு பிடித்தும் வாழ்ந்தவர்கள் இருளர்கள். 1882-ல் வந்த சென்னை வனச் சட்டத்தால் காடு அரசின் கைக்குப் போனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷம் எடுத்து விற்கும் வேலையைச் சில நூறு பேருக்குக் கொடுத்தது. மற்றவர்களில் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். அங்கே குடிசையும் முதலாளியுடையது. 1976-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கவில்லை.

குடியிருக்கும் மனை யாருடையதோ அவருக்கு அடிமை என்ற உண்மை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் இதைத்தான் சொன்னார். சேரி மக்களின் மனை மிராசுதாரிடம் இருப்பதால், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே துரத்த முடிகிறது என்றார். அதைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. பிறகு 1971-ல் தமிழக அரசு குடியிருப்பு மனைச் சட்டம் கொண்டுவந்து, நிலக்காரர் இடத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே அந்த மனையைச் சொந்தமாக்கியது. நல்ல சட்டம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இருளர் குடிசை போட்டிருந்தது பெரும்பாலும் மிராசுதார் நிலத்தில் அல்ல, அரசுப் புறம்போக்கில். தனியாரிடமிருந்து மனையை எடுத்துக் கொடுக்க முடிந்த அரசுக்கு, தன் நிலத்தைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. என் பார்வையில் முழுக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

1985-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. இருளர்களில் பலர் பழங்குடியினர், மீட்கப்பட்டவர்கள் என இரண்டு வகையிலும் தகுதியானவர்கள். இருந்தும் வீடு கேட்டால் முதலில் பட்டா எங்கே என்பார்கள். பழங்குடி என்று காட்ட கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா என்பார்கள். பள்ளிக்கூடமே போகாத அப்பாவிடம் ஏது சான்றிதழ்? ஏரிப் புறம்போக்கு என்றால் இன்னும் சிக்கல். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் கண்ணில் அந்தக் குடிசை ஓர் ஆக்கிரமிப்பு, அவ்வளவுதான். ஏரியைக் காக்க வேண்டியதுதான். ஆனால் மாற்று மனை தராமல் ஏழையை மட்டும் எழுப்பினால் அவன் அடுத்த ஏரிக்கரைக்குத்தானே போவான்?

இதே வட்டாரத்தில் தொழிற்சாலைக்கு நிலம் கிடைத்த வேகத்தையும் பாருங்கள். ஹூண்டாய் 1996-ல் வந்தது, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே ஓடியது. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்க 1997-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலைக்கு நிலம் தேட ஓர் அலுவலகமே இயங்கியது. இருளர் குடும்பமோ இரண்டு மூன்று சென்ட் இடத்துக்கு மனுவும் கையுமாக அலைந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, ஊருக்குள் அவர்களுக்கு இடம் ஒதுக்குவதும் கஷ்டமாகிப் போனது.

கனடாவில் 1876-ம் ஆண்டு இந்தியர் சட்டத்தின் கீழ் பூர்வகுடிகளுக்கு என ஒதுக்கிய நிலத்தையும் அரசே உரிமையில் வைத்துக்கொண்டது, அங்கும் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. இங்கே ஒதுக்கீடு என்ற பெயரில்கூட நிலம் வரவில்லை.

சமீப காலத்தில் ஓரளவு மாற்றம் தெரிகிறது. 2021 தீபாவளி நாளில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முதல்வர் ஸ்டாலின் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். மனையும் சான்றும் சேர்ந்தே வந்ததுதான் இதில் முக்கியம். 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டம், இருளர் போன்ற மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு வீடு கட்ட 2 லட்சம் ரூபாய் தருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2020-களின் தொடக்கத்தில் ஐந்து இடங்களில் இருளர்களுக்காக 443 வீடுகள் கட்டினார்கள். அவற்றில் 178 வீடுகள் உத்திரமேரூர் பக்கம் மலையாங்குளத்தில். கார் ஆலைகளை ஒட்டிய காட்டரம்பாக்கத்தில் 31.