கரையோர ஒலிபெருக்கி கற்பித்த பாடம்



சி ரூசாக் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் புதுவை மீனவர்களின் வரலாறொன்று என் நினைவுக்கு வரும்.

முடிவெடுக்கத் துணைபுரியும் கணினி முறைமை என்னும் கருத்துக்கு 1971-இல் பெயரிட்டவர்கள் அறிஞர்களான கோரியும் ஸ்காட் மார்ட்டனும் ஆவர். அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் நிறுவன மேலாளர்கள். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாகக் கொண்டு புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. கணினியை இறக்கி வைப்பதற்கு முன், "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று ஊராரிடம் கேட்டனர்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். இன்று கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பதே அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் கிடைத்த அலைக் கணிப்பு தமிழாக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கணினித் திரையைத் தேடி மீனவர் வரவில்லை. செய்தியே கரைக்குச் சென்றது.

26.12.2004 அன்று ஆழிப்பேரலை வந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய நல்லவாட்டு இளைஞர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசினார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி எச்சரித்தது. ஊரார் கரையை விட்டகன்று உயிர் பிழைத்தனர்.

அத்துடன் நிறுவனம் நின்றுவிடவில்லை. கரையில் ஒலிப்பது நடுக்கடலில் கேட்காதல்லவா? ஆகவே 2007-இல் கைப்பேசிவழிச் சேவை தொடங்கியது. நாளடைவில் காற்று, மீன்வளப் பகுதி, நாட்டெல்லை எச்சரிக்கை ஆகியவையும் அதில் சேர்ந்தன. தேவை மாற மாறக் கருவியும் மாறியது.

இனி என் குறையைச் சொல்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்பும், பழைய புள்ளி அட்டவணையையே நான் பெற்றோரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாய் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இன்று இரவு என் மகனுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. என் அட்டவணையிலும் இல்லை.

இப்பொழுது ஒவ்வொரு மாணவனுக்கும் இரண்டே வரிகள் எழுதுகிறேன்: எதில் தடுமாறுகிறான், வீட்டில் எதைச் செய்யலாம். அதுவும் போதுமா என்பதைப் பெற்றோர்களே, நீங்கள்தாம் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்க மறந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.